பூண் இல்லாத உலக்கை

2011 தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, என் மனைவி சுட்டுவைத்த தட்டையைக் கடித்தேன். வாய்க்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். தட்டையில் போட்ட கடலைப்பருப்பு என்றுதான் நினைத்தேன். நாக்கால் துழாவிப் பார்த்தால், வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி ஆடிக்கொண்டிருந்தது. வலியே இல்லை. பதினான்கு மாதத்துக்கு முன்புதான் அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை, அதாவது ரூட் கெனால், செய்திருந்தேன்.

பல் டாக்டர் பார்த்த உடனே கேட்டார். “கேப் போட்டுக்கலையா சார்?”

“வலிதான் போயிடுச்சே டாக்டர், அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்.”

“பிளவு வேர் வரைக்கும் இறங்கிடுச்சு சார். இனிமே எடுக்கத்தான் வேணும்.”

கேப்புக்கு நாலாயிரம் ரூபாய் கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். ஓய்வு பெற்ற புதிது, பெண் கல்யாணச் செலவு வேறு. மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டேன். பல்லோடு போயிற்று.

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் நாற்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். ஒரு பாகம் உடைந்தால் ஏன் உடைந்தது என்று கண்டுபிடிக்காமல் அடுத்ததைப் பொருத்தமாட்டோம். என் பல் ஏன் உடைந்தது என்ற கேள்வியோடு, படிக்கக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். புரியாததைத் தெரிந்த டாக்டர்களிடம் கேட்டேன். அப்படிப் படிக்கும்போது, ஐம்பது வருடமாக விடை தெரியாமல் கிடந்த இன்னொரு கேள்விக்கும் பதில் கிடைத்தது. அது அப்பாவின் பற்களைப் பற்றியது.

1961இல் எனக்குப் பதினொரு வயது. அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் வீங்கிப் படியேற முடியாமல் கஷ்டப்பட்டார். அப்போது பார்த்த டாக்டர் ஒருவர், மூட்டுவலிக்கு மூலம் பல்லில்தான் இருக்கிறது, சொத்தைப் பல்லிலிருந்து விஷம் ரத்தத்தில் இறங்குகிறது என்று சொன்னார். அப்பாவுக்குச் சொத்தை இரண்டோ மூன்றோதான். ஆனால் ஐந்து தடவையாக இருபத்தாறு பல்லையும் எடுத்துவிட்டார்கள். அப்பாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

அவருக்கு முறுக்கு என்றால் உயிர். அம்மா அதை உரலில் போட்டு இடித்து, தூளாக்கி, பாலில் கலந்து கொடுப்பாள். பூண் போட்ட உலக்கை ‘ணங் ணங்’ என்று விழும் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. செட்டுப் பல் ராத்திரியில் டம்ளர் தண்ணீரில் கிடக்கும். நாங்கள் சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்து பயப்படுவோம். மூட்டுவலியோ 1983இல் அவர் கண்ணை மூடும்வரை கூடவே இருந்தது.

பல்லையெல்லாம் எடுத்தும் வலி ஏன் போகவில்லை? இதற்குப் பதில் தெரிய, பல் வைத்தியம் வந்த பாதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

பல்லைப் புழு அரிப்பதால்தான் சொத்தை வருகிறது என்ற நம்பிக்கை பாபிலோனியர் காலத்திலிருந்தே இருக்கிறது. நம் கிராமங்களில் கண்டங்கத்திரி விதையைச் சுட்டு வாயில் புகை பிடிக்கவைத்ததும் அந்தப் புழுவை விரட்டத்தான். பாரிஸில் பியர் ஃபோஷார் என்ற பல் மருத்துவர் 1728இல் இரண்டு தொகுதிகளாக ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தேன், புழு எதுவும் இல்லை என்று அதில் எழுதினார். மேல்பாகம் உடைந்துபோன பல்லின் வேருக்குள் தங்கத்திலோ வெள்ளியிலோ ஒரு தண்டை இறக்கி, அதன்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்தும் முறையையும் விவரித்தார். இன்று ‘போஸ்ட்’ என்று சொல்கிறார்களே, அதற்கு மூதாதை இதுதான்.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் தங்கத்துக்குப் பதிலாக மரத் தண்டை இறக்கினார்கள். மரம் எச்சிலில் ஊறிப் பருத்து வேரில் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்பது கணக்கு. பிடித்துக்கொண்டது உண்மைதான். நம் கல் தச்சர்கள் பாறையில் வரிசையாகக் குழி வெட்டி, மர ஆப்பு அடித்து, தண்ணீர் ஊற்றிப் பாறையைப் பிளப்பார்கள் அல்லவா? அதே வேலையை மரத் தண்டு வேருக்குள் செய்தது. எத்தனையோ வேர்கள் இப்படி வெடித்துப்போயின.

வேரைச் சுத்தம் செய்யும் கலை மெதுவாகத்தான் வளர்ந்தது. 1838இல் அமெரிக்காவின் எட்வர்ட் மேனார்ட் கடிகாரச் சுருள்வில்லை அராவி, வேர்க் குழாய்க்குள் நுழையும் மெல்லிய கம்பியைச் செய்தார். இவர் துப்பாக்கிகளுக்கும் புதுப் பொறி கண்டுபிடித்தவர். 1864இல் நியூயார்க்கின் சான்ஃபோர்ட் பார்னம் பல்லைச் சுற்றி ரப்பர் தாளை மாட்டி, எச்சில் படாமல் வேலை செய்யக் காட்டிக்கொடுத்தார். சுத்தம் செய்த குழாயை எதை வைத்து அடைப்பது என்ற கேள்விக்குப் பதில் மலாய்க் காடுகளிலிருந்து வந்தது.

அங்கே ஒரு மரத்தின் பால் உறைந்தால் கட்டாபெர்ச்சா என்ற பொருளாகும். வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் கெட்டியாகும், தண்ணீரில் கெடாது. சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி 1843இல் இதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பினார். கடலுக்கடியில் போடும் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இதைத்தான் சுற்றினார்கள். 1870களின் தொடக்கத்தில் சென்னையைப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூருடன் இணைத்த கடல்தந்தியும் இந்த வகைதான். 1867இல் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பல் மருத்துவர் போமன், இதை வேர்க் குழாயில் அடைத்துக் காட்டினார். இன்றுவரை வேர் சிகிச்சையில் உள்ளே வைக்கிற ஆரஞ்சு நிறக் குச்சி இதே கட்டாபெர்ச்சாதான். அதில் பெரும்பங்கு துத்தநாக ஆக்சைடு, ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மரப்பால்.

ஆக, 1900க்குள் பல்லின் வேரைக் காப்பாற்றத் தெரிந்துவிட்டது. ஆனால் எக்ஸ்ரே கைக்கு வராத காலத்தில் பலர் கண்ணை மூடிக்கொண்டுதான் வேலை செய்தார்கள். வேர் முனையில் சீழ் இருக்கும்போதே மேலே பளபளவென்று தங்க உறையைப் போட்டு மூடினார்கள். ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895இல். அமெரிக்காவில் அதை முதலில் பல்லுக்குப் பயன்படுத்தியவர்களில் ஒருவர் நியூ ஆர்லியன்ஸின் எட்மண்ட் கெல்ஸ். கதிர் பட்டுப் பட்டே அவருக்குப் புற்றுநோய் வந்து, விரல்கள், கை என்று ஒவ்வொன்றாக வெட்டவேண்டி வந்தது. 1928இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பல்லை எக்ஸ்ரே எடுக்கும்போதெல்லாம் இவரை நான் நினைத்துக்கொள்வேன்.

எக்ஸ்ரே பரவுவதற்கு முன்பே இடி விழுந்தது. 1910இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர், மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தங்க உறைகளுக்குக் கீழே அழுகல் ஒளிந்திருக்கிறது, ரத்தசோகை முதல் மூட்டுவாதம் வரை பல நோய்களுக்கு அதுவே காரணம் என்றார். அவர் கண்ட அழுகல் பொய்யல்ல, அதிலிருந்து கட்டிய முடிவுதான் தவறு. மருத்துவ உலகம் அந்த முடிவைப் பிடித்துக்கொண்டது. வேர் சிகிச்சை செய்த பல் என்றாலே பிடுங்கு என்ற அலை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கிளம்பியது. நியூஜெர்சி மாநிலத்தின் ட்ரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்பவர், மனநோயைத் தீர்ப்பதாகச் சொல்லி நோயாளிகளின் பற்களையே பிடுங்கித் தள்ளினார்.

இந்தக் கொள்கையை நம்பியவர்களில் ஒருவரான ரஸல் செசில், 1938இல் ஆஞ்செவைன் என்பவருடன் சேர்ந்து 200 வாதநோயாளிகளின் விவரங்களைப் பரிசீலித்தார். பல்லையும் டான்சிலையும் எடுத்ததால் மூட்டுவலி குணமானதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதி, தன் பழைய கருத்தைத் தானே கைவிட்டார். அந்த வரியைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 1938! அப்பாவின் பற்களை எடுத்தது 1961இல். இடையில் இருபத்துமூன்று வருடம். ஒரு தவறைத் திருத்திய செய்தி எங்கள் ஊர் வந்து சேர அவ்வளவு காலம் போதவில்லை.

அந்த டாக்டரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர் மாணவராக இருந்தபோது படித்த பாடம் அது. நம் நாட்டில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ஆர். அகமது கல்கத்தாவில் தொடங்கியதே 1920இல்தான். பல் மருத்துவர் சட்டம் 1948இல் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் பிரிவு ஆரம்பித்தது 1953இல். எங்கள் ஊர்ப்பக்கம் பல் என்றால் பிடுங்குவது, செட்டு கட்டுவது, இரண்டுதான்.

அப்பாவின் கேள்விக்கு இப்படிப் பதில் கிடைத்தது. என் கேள்வி அப்படியே இருந்தது. என் பல்லில் வேர் சுத்தமாக இருந்தது, சீழ் இல்லை, எக்ஸ்ரே நன்றாக இருந்தது. பிறகு ஏன் பிளந்தது?

வேர் சிகிச்சை செய்த பல் காய்ந்த சுள்ளி மாதிரி மொறமொறத்துவிடும் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். உள்ளே நரம்பும் ரத்தமும் இல்லை, ஈரம் இல்லை, அதனால் முறிகிறது என்று. அதற்கு மருந்தாகத்தான் வேருக்குள் உலோகத் தண்டு இறக்கினார்கள். தூணுக்குள் இரும்புக் கம்பி வைப்பதைப் போல என்று நானும் நினைத்திருப்பேன். கைநிறைய வேலையும் நடந்தது. 1880 வாக்கில் காஷியஸ் ரிச்மண்ட் தண்டையும் உறையையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு கிரவுன் கொண்டுவந்தார். 1907இல் வில்லியம் டாகர்ட் மெழுகில் உருச்செய்து, சுற்றிலும் பூசி, மெழுகை எரித்துவிட்டுத் தங்கத்தை வார்க்கும் முறையைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். சுவாமிமலை ஸ்தபதிகள் ஐம்பொன் சிலை வார்ப்பதும் அடிப்படையில் இதே முறைதான்.

தண்டு பல்லைப் பலப்படுத்துகிறதா என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா? 1984இல்தான் சோரன்சென், மார்டினாஃப் என்ற இருவர், வேர் சிகிச்சை செய்த 1273 பற்களின் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். தண்டு வைத்ததால் பல் கூடுதலாக நிலைக்கவில்லை. பின்பற்களை மேலே மூடி உறை போட்டது மட்டும் தெளிவாகப் பலன் தந்தது. தண்டின் வேலை, மேலே கட்டும் பொருளைப் பிடித்துக்கொள்வது மட்டும்தான். அதற்காக வேரைக் குடைந்தால் இருக்கிற பலமும் குறையும்.

1989இல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் ஆகிய மூவர் வெளியிட்ட சோதனைதான் என் மண்டையில் விளக்கேற்றியது. வேர் சிகிச்சைக்காகத் துளை போடுவதால் மட்டும் பல்லின் விறைப்பு 5 சதவீதமே குறைகிறது. ஆனால் முன்பக்கச் சுவர், பின்பக்கச் சுவர் இரண்டையும் சொத்தை தின்று, அதை வெட்டி எடுத்த பல்லில் 63 சதவீதம் குறைகிறது. ஒரு மரப்பெட்டியின் இரண்டு முனைப் பலகைகளையும் கழற்றிவிட்டால், மிச்சம் இரண்டு பக்கப் பலகைகள் நிற்குமா? என் பல்லின் நிலை அதுதான். முனைச் சுவர்கள் இரண்டும் இல்லை. எதிரே இருக்கும் மேல்பல்லின் முகடு, ஒவ்வொரு கவளத்துக்கும் அந்தப் பக்கச் சுவர்களுக்கு நடுவே ஆப்பு மாதிரி இறங்கியது. பதினான்கு மாதம் தாங்கியதே பெரிது.

கேப் என்பது அழகுக்குப் போடும் தொப்பி இல்லை. ஈறுக்கு மேலே மிஞ்சியிருக்கும் சொந்தப் பல்லைச் சுற்றி, சுமார் 2 மில்லிமீட்டராவது கட்டிப்பிடிக்கும் வளையம் அது. ஆங்கிலத்தில் ஃபெரூல் என்கிறார்கள். நமக்கு அது பூண். உலக்கை நுனியில் இரும்புப் பூண் இல்லாவிட்டால், நெல்லைக் குத்தும்போது மரம் நார்நாராகப் பிளந்துபோகும் என்று அம்மாவுக்குத் தெரியும். ரயில்வேயில் உளிப்பிடிக்குப் பூண் போடாமல் கொடுத்தால் நான் வாங்கவே மாட்டேன். அதே நான் என் பல்லைப் பூண் இல்லாமல் பதினான்கு மாதம் விட்டுவைத்தேன். வேர் சிகிச்சைக்குப் பின் உறை போடாத பற்கள், உறை போட்டவற்றைப் போல ஆறு மடங்கு வேகத்தில் பிடுங்கப்படுகின்றன என்று அக்விலினோ, கேப்லன் என்பவர்கள் 2002இல் கண்டு எழுதினார்கள்.

ஆனால் உறை போட்டால் மட்டும் கதை முடிவதில்லை. எதிர்ப்பல் ஒன்று இருக்கிறதே! மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதத்தைப் பல் மருத்துவர்கள் ஒக்லூஷன் என்பார்கள். இந்தப் பொருத்தத்துக்கும் தனியாக ஒரு வரலாறு உண்டு. 1858இல் அமெரிக்காவின் வில்லியம் பான்வில், இரண்டு தாடை மூட்டுகளும் கீழ் முன்பல்லின் நடுவும் சேர்ந்து நாலு அங்குலச் சமபக்க முக்கோணமாக அமைவதாகச் சொல்லி, அதை வைத்துத் தாடை போலத் திறந்து மூடும் கருவி ஒன்றைச் செய்தார். 1890இல் ஜெர்மன் உடற்கூறியலாளர் ஷ்பே, பல்வரிசை நேர்கோடாக இல்லாமல் பக்கவாட்டில் பார்த்தால் வளைவாக இருப்பதைக் காட்டினார். 1899இல் எட்வர்ட் ஆங்கிள், கோணல் கடியை மூன்று வகையாகப் பிரித்தார். இன்றும் பல்லுக்குக் கம்பி கட்டுபவர்கள் அந்த வகைப்பாட்டைத்தான் சொல்கிறார்கள். 1926இல் கலிஃபோர்னியாவில் மக்கோலம் என்பவர் ஒரு சங்கமே அமைத்து, தாடையின் ஒவ்வொரு அசைவையும் இயந்திரத்தில் கொண்டுவர முயன்றார். 1952இல் ஸ்வீடனின் போசெல்ட், தாடை எந்த எல்லைக்குள் அசைகிறது என்று கோடு போட்டுக் காட்டினார். 1958இல் டி’அமிக்கோ, தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது கோரைப்பல்தான் பாரத்தைத் தாங்கி மற்றப் பற்களை விலக்கிக் காப்பாற்றுகிறது என்றார்.

எல்லாவற்றையும் ஒரு வரியில் சொன்னால்: கடைவாய்ப் பல் நேர்க்குத்தான பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்காது. வேர் சிகிச்சை செய்த பல்லுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 1986இல் ஸ்வீடனில் ராண்டோ, கிளான்ட்ஸ் இருவரும் செய்த ஒரு சிறிய ஆய்வில், உயிருள்ள பல் வலி தெரிந்து ‘போதும்’ என்று சொல்லும் பாரத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் வைத்த பிறகே நரம்பெடுத்த பல் சொன்னது. எச்சரிக்கை மணி மங்கிய பல் அது. தட்டை என்ன, கல் என்ன, எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கடிக்கும்.

2019இல் இடது பக்கம் இன்னொரு பல் கெட்டது. இந்த முறை ஓர் இளம் டாக்டரம்மாவிடம் போனேன். வேர் சிகிச்சை முடிந்த இரண்டாம் வாரமே கேப் பொருத்தினார். வாயை மூடினேன். அந்த ஒரு இடம் மட்டும் முந்திக்கொண்டு இடித்தது.

“கொஞ்சம் உயரமா இருக்கும்மா.”

“நாலு நாள்ல பழகிடும்னு சொல்லி அனுப்பிடுவாங்க அங்கிள். அப்படிப் பழகக் கூடாது. இந்தப் பேப்பரைக் கடிங்க.”

நீலநிற மெல்லிய தாள் ஒன்றை வைத்தார். கடித்ததும் கேப்பின் ஒரு ஓரத்தில் மட்டும் நீலப்புள்ளி பதிந்தது. அதைத் தேய்த்தார். மறுபடி தாள், மறுபடி தேய்ப்பு. பிறகு தாடையை இடமும் வலமும் நகர்த்தச் சொன்னார். பக்கவாட்டில் பதிந்த கோடுகளையும் தேய்த்தெடுத்தார்.

நாற்காலியில் படுத்தபடியே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பணிமனையில் நீராவி இன்ஜின் பேரிங் பொருத்தும்போது நாங்கள் செய்தது இதேதான். அச்சில் நீலச்சாயத்தை மெல்லியதாகத் தடவி, பேரிங்கை வைத்துச் சுழற்றி எடுப்போம். நீலம் பட்ட மேட்டை ஸ்கிரேப்பரால் சுரண்டுவோம். பரவலாகப் படும்வரை விடமாட்டோம். ஒரே இடத்தில் பட்டால் பேரிங் சூடேறி உருகும் என்று என் மேஸ்திரி திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தார். டாக்டரம்மாவிடம் சொன்னேன். “அப்போ நீங்களும் பல் டாக்டர்தான் அங்கிள்” என்றார்.

கிளம்பும்போது அவர் சொன்ன இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. உதடுகள் சேர்ந்திருக்கலாம், பற்களுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பேப்பர் படிக்கும்போதும் டி.வி. பார்க்கும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். தூக்கத்தில் நறநறவென்று கடிப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கேப்பைப் பாழாக்க அதுவே போதும்.

நம் வயதில் யாருக்காவது வேர் சிகிச்சை நடந்தால், வலி நின்றதோடு வைத்தியம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். கடைவாய்ப் பல்லுக்குக் கேப் வேண்டுமா என்று கேளுங்கள். தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் திரியாதீர்கள். 1995இல் ரே, ட்ரோப் என்பவர்கள் 1010 பற்களின் எக்ஸ்ரேயைப் பார்த்து, வேர் அடைப்பு மட்டுமல்ல, மேல் அடைப்பு சரியாக இருப்பதும் வேர் முனை நலத்துக்கு மிக முக்கியம் என்று எழுதியிருக்கிறார்கள். கேப் போட்ட பிறகு உயரமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே சொல்லுங்கள். செலவுக்குத் தயங்கினால், அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள்.

இடது பக்கப் பல்லுக்கு ஆறு வருடமாகிவிட்டது. போன கோகுலாஷ்டமிக்கு முறுக்கு சுட்டபோது, முதல் முறுக்கை அந்தப் பக்கமே வைத்துக் கடித்தேன். மனைவி “மெதுவா, மெதுவா” என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். எனக்கு டம்ளர் தண்ணீரில் கிடந்த அப்பாவின் செட்டு ஞாபகம் வந்தது. அவர் இருந்திருந்தால் அந்த 1938ஆம் வருடத்துக் கட்டுரையைப் பற்றிச் சொல்லியிருப்பேனா என்று யோசித்தேன். சொல்லியிருக்க மாட்டேன். ஒரு முறுக்கை இடித்துப் பாலில் போட்டுக் கொடுத்திருப்பேன்.